திங்கட்கிழமைக்கு முதல் ஒரு கரண்டி

திங்கட்கிழமை காலமை ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரி டொக்ரரோட ரெர்மின், சந்திக்கக் குடுத்த நேரம். அதுக்கு முதல் குளோடெற் வாயைத் திறந்து ஏதாவது சாப்பிடவேணும். சாப்பிடாட்டில் வயித்தில துளை போட்டுக் குழாய் வைப்பினம், அதுக்குப் புருசன்காரன் பென்ஜமின் கையெழுத்துப் போடவேணும். வெள்ளிக்கிழமை பின்னேரம் டொக்ரர் இதைச் சொல்லிக் கடுதாசியை நீட்டினார். உந்த ஊர் டொக்ரர்மாருக்குச் சுத்தி வளைச்சுக் கதைக்கத் தெரியாது. குழாய் வைச்சால் வீட்டில வைச்சுப் பார்க்கிறது கஷ்டம், பராமரிப்பு இல்லத்துக்குத்தான் அனுப்பவேண்டி வரும், அங்க போனவை திரும்ப வாயால சாப்பிடப் பழகிறதும் குறைவு எண்டு ஒரே மூச்சில சொல்லி முடிச்சிட்டார்.

பாரிசவாதம் வந்து ஞாயிறோட பதினொரு நாள். வலது கையும் காலும் விழுந்திட்டுது, பேச்சும் போட்டுது. ஆனால் தொண்டையில பிழை இல்லை. விழுங்கிறதைச் சோதிக்கிற பெட்டை ஒருத்தி வந்து பார்த்து, கஞ்சி பதத்தில குடுக்கலாம் எண்டு எழுதியே குடுத்தவள். அதுக்குப் பிறகு எட்டு நாளாக் கரண்டியைக் கொண்டுபோனால், குளோடெற்றின்ர வாய் ஒருக்கால் கோணிக் கோணி அசையும். கரண்டி உதட்டில பட்டதும் இறுக்கி மூடிக்கொள்ளும், முகம் சுவர்ப்பக்கம் திரும்பிப்போடும். மூக்கால விட்ட குழாயை இடது கையால ரெண்டுதரம் இழுத்து எறிஞ்சிட்டா. பிறகு சேலைன்தான். ஆள் மெலிஞ்சு, மோதிரம் விரலில நிக்காமல் மகள் மெலனி கழட்டி வைச்சிருந்தாள்.

சாப்பிடமாட்டன் எண்டு நிண்டது ஆரெண்டு தெரிஞ்சால்தான் இது எவ்வளவு கொடுமை எண்டு விளங்கும். ஜெர்மனியில, வுப்பர்டால் நகரத்து ஓபர்பார்மன் பக்கத்தில குளோடெற்றின்ர கையால சாப்பிடாத ஏழை எளியது கிடையாது. ஜமேக்காவில சென்ற் எலிசபெத் எண்ட செம்மண் பகுதியில பிறந்து, லண்டனுக்குப் போய், அங்க ஒரு வெள்ளைக்கார ஆமிக்காரனைக் கட்டி, அவனோட இங்க இருந்த பிரிட்டிஷ் முகாமுக்கு வந்தவ. அந்த மகராசன் எண்பத்திநாலில வேறொருத்தியோட போட்டான். ஊருக்குத் திரும்பிப் போய் ஆற்ற முகத்தில முழிக்கிறது எண்டு மனிசி இங்கயே நிண்டுகொண்டா. முதியோர் இல்லம் ஒண்டில உடுப்புத் தோய்க்கிற வேலை. ஞாயிறு வந்தால் ஐக்கியம். பழைய நாடாத் தொழிற்சாலை ஒண்டின்ர மேல்மாடியில இருபது இருபத்தைஞ்சு பேர் கூடி ஆராதிப்பினம். கானாக்காரர், போர்த்துக்கீசர், ரெண்டு மூண்டு ஜெர்மன் கிழவியள், எல்லாம் கலந்த ஐக்கியம். ஆராதனை முடிய அத்தனை பேரும் குளோடெற்றின்ர ரெண்டு அறை வீட்டுக்குச் சாப்பிட வந்திடுவினம். சிவப்புப் பீன்ஸ் விதை போட்டுத் தேங்காய்ப்பாலில அவிச்ச சோறு, கோழி, வாழைக்காய்ப் பொரியல். கதிரை காணாட்டில் கட்டிலில இருந்து சாப்பிடுவினம்.

பென்ஜமின் மன்னார்ப் பெடியன். எண்பத்தைஞ்சில கிழக்கு பெர்லினில ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில இறங்கி, அங்க இஞ்ச அலைஞ்சு, கடைசியில வுப்பர்டாலில அகதிகள் விடுதி ஒண்டில வந்து சேர்ந்தவன். விடுதிக்கு முன்வீடு குளோடெற்றின்ர. தேங்காய்ப்பால் மணம் மூக்கைத் துளைச்சால் எங்கட ஆள் சும்மா இருப்பானே? ஒரு ஞாயிறு கதவைத் தட்டினான், வாடா தம்பி இருந்து சாப்பிடு எண்டு கூப்பிட்டா. உதவி செய்யிறன் எண்டு குசினிக்குள்ள போனவன், கொதிக்கிற சோத்துக்கு மேல தொப்பி மாதிரி ஒரு மிளகாய் முழுசா மிதக்கிறதைக் கண்டான். மனிசி கீற மறந்துபோனா எண்டு நினைச்சு, கத்தியை எடுத்து நாலாக் கீறி உள்ள விட்டுக் கிண்டிப்போட்டான். ஜமேக்காக்காரர் அந்த மிளகாயை வாசத்துக்குத்தான் மிதக்கவிடுறது, உடையாமல் அப்பிடியே எடுத்து வெளியில வைக்கிறது எண்டு அந்த விசரனுக்கு என்னெண்டு தெரியும்? அண்டைக்கு வந்த பதினாலு பேரும் அழுத அழுகையை ஐக்கியத்தில இப்பவும் கதைப்பினம். குளோடெற் சிரிச்சுச் சிரிச்சு நிலத்தில இருந்திட்டா. அடுத்த வருசம் கலியாணம். ஆனால் அண்டையில இருந்து பென்ஜமின் அந்த அடுப்பைத் தொடக்கூடாது எண்டது சட்டம்.

சட்டத்தைப் பதினெட்டு வருசம் ஒழுங்காக் காப்பாத்தினதால வந்த வினை, இப்ப மனிசிக்கு ஒரு கஞ்சி காய்ச்சக்கூட அவனுக்குத் தெரியேல்ல. ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைத்தான் தள்ளுறாவாக்கும் எண்டு நினைச்சு, ஐக்கியத்தில இருந்த மற்ற ஜமேக்காக்காரியிட்ட ரெலிபோனில கேட்டான். சோளமா, தேங்காய்ப்பால், கறுவா, சாதிக்காய், கடைசியில கொஞ்சம் ரின்பால் எண்டு அவ சொன்னா. எங்கட ஆளின்ர கைக்கு மாவெண்டால் வறுக்கவேணும். வறுத்தான், கஞ்சி காறல் அடிச்சுது. அடுத்தநாள் பூசணிக்காய் சூப் வைச்சு, ஊரில தாய் செய்யக் கண்ட பழக்கத்தில கடுகும் கறிவேப்பிலையும் தாளிச்சுக் கொட்டிப்போட்டான். மூண்டாம் நாள் சொன்னது சொன்னபடி செய்தான். மணத்துக்கே நேர்ஸ் ஒருத்தி வந்து கரண்டியில தொட்டு நக்கிப் பார்த்துத் தலையாட்டினாள். குளோடெற்றின்ர வாய் அதே மாதிரி அசைஞ்சு, அதே மாதிரி மூடிக்கொண்டுது.

அப்ப சுவையில பிழை இல்லை. பிறகு வேறென்ன?

பென்ஜமினுக்குக் காரணம் தெரியும், ஆனால் ஒருத்தருக்கும் சொல்லேல்ல. அந்தப் புதன்கிழமை விடியக்காலமை குளோடெற் எழும்பி, வலது கை மரத்துப்போய்க் கிடக்கு எண்டு சொன்னவ. கைக்கு மேல படுத்திருப்பாய், தேய்ச்சுவிடு எண்டு சொல்லிப்போட்டு அவன் ஆறு மணி வேலைக்கு ஓடினான். பிந்தினால் மேற்பார்வைக்காரன் முறைப்பான் எண்ட பயம். பத்து மணிக்கு மெலனி ரெலிபோன் எடுத்து அழேக்க, அவன் ஸ்குரூப் பெட்டி அடுக்கிக்கொண்டு நிண்டான். எங்கட வீடுகளில கோவம் வந்தால் ஆர் வாயால சொல்லினம்? சாப்பாட்டிலதானே காட்டுறது. அவன்ர தகப்பன் தாயோட கோவிச்சுக்கொண்டு மூண்டு நாள் பட்டினி கிடந்த மனிசன். குளோடெற்றும் தன்னோட கோவத்திலதான் வாயைப் பொத்துறா எண்டு அவன் முடிவுகட்டிப்போட்டான். நான் கொண்டுபோற கரண்டியை அவ ஏன் வாங்கவேணும் எண்டு நெஞ்சுக்குள்ள அறுத்துக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை கட்டிலுக்குப் பக்கத்தில முழங்காலில நிண்டு மன்னிப்புக் கேட்டான். இங்கிலிஸ், ஜெர்மன், தமிழ் எல்லாம் குழம்பி வந்தது. அண்டைக்கு என்னாலதான் உனக்கு இப்பிடி ஆச்சு எண்டு விம்மி விம்மி அழுதான். குளோடெற் இடது கையைத் தூக்கி அவன்ர தலையில வைச்சுத் தடவினா, கண்ணால தண்ணி ஓடினது. கோவம் இருந்த கை அப்பிடித் தடவாது. அவன் அவசரமாக் கண்ணைத் துடைச்சுக்கொண்டு கஞ்சியை எடுத்தான். வாய் அசைஞ்சுது. கரண்டியைக் கொண்டுபோனான். வாய் மூடிக்கொண்டுது.

அப்பதான் அவனுக்கு உண்மையான பயம் பிடிச்சது. கோவமும் இல்லையெண்டால், சாகிறதெண்டு முடிவெடுத்திட்டாவோ? அப்பிடியெண்டால் திங்கட்கிழமை கையெழுத்துப் போடுறதே சரி, போடாமல் விடுறதே சரி? வீட்டுக்கு வந்தவன் சப்பாத்தையும் கழட்டாமல் குசினி வாசலில நிண்டான்.

மெலனிக்குப் பதினேழு வயசு. டொக்ரர் ஒருத்தரின்ர பிராக்சிஸில, அதுதான் கிளினிக்கில, ஆஸ்பில்டுங் எண்ட தொழில் பயிற்சி செய்யிறவள், தகப்பனை விடத் தலை தெளிவு. மம்மி ஒருநாளும் தனியச் சாப்பிட்டதில்லை அப்பா, நோயாளி மாதிரி ஊட்டாமல் நாளைக்கு மேசை போட்டு எல்லாரும் இருந்து சாப்பிடுவம் எண்டாள். நேர்ஸ்மாரிட்டக் கேட்டு, ஆஸ்பத்திரி விடுதியின்ர பொது அறையை ஞாயிறு பதினொண்டரையில இருந்து ஒரு மணித்தியாலம் வாங்கிப்போட்டாள். மூண்டு பேருக்கு மேல வரக்கூடாது எண்டது கட்டளை. ஐக்கியத்துச் சனம் அண்டைக்கு அவவுக்காக உபவாசம் இருக்கிறதாச் சொல்லி அனுப்பினது. ஒருத்தி சாப்பிடேல்ல எண்டு மற்ற எல்லாரும் பட்டினி, இது என்ன நியாயமோ கர்த்தருக்குத்தான் வெளிச்சம்.

மூண்டாவது ஆளா வந்து நிண்டது டொறத்தி. பென்ஜமினின்ர மூத்த தமக்கை. அவ வருவா எண்டு ஒருத்தரும் நினைக்கேல்ல. தம்பிக்கு மன்னாரில பேசாலைப் பக்கம் ஒரு பெட்டையைப் பேசி முடிச்சிருந்த நேரத்தில அவன் குளோடெற்றைக் கட்டினதால, வாயில வரக்கூடாத கதையெல்லாம் கதைச்சவ. பிறகு வருசத்துக்கு ஒருக்கால், நத்தாருக்கு வந்து வாசலில நிண்டு பலகாரப் பையைக் குடுத்திட்டுப் போறதோட சரி. பதினெட்டு வருசத்தில அந்த வீட்டுக் கதிரையில இருந்ததுமில்லை, ஒரு வாய் தண்ணி குடிச்சதுமில்லை. இப்ப போத்தலில அரிசிக்கஞ்சியோட வந்து நிக்கிறா. திங்கட்கிழமைக் கதை அவவின்ர காதிலயும் விழுந்திட்டுது. பென்ஜமினுக்கு உள்ளுக்குள்ள எரிஞ்சது. அந்த இடத்தில ஒரு சண்டையைத் தாங்க அவனால ஏலாது.

"அக்கா, வந்தனீங்கள் இருந்தால் இருங்கோ. இல்லாட்டில் இப்பவே போங்கோ" எண்டான்.

"நிக்கிறன்" எண்டு சொல்லி, டொறத்தி கதிரைக்குப் பின்னால நிண்டா.

மெலனி நாலு கோப்பை வைச்சு, நாலிலயும் சோளமாக் கஞ்சி வார்த்தாள். குளோடெற்றைச் சில்லுக் கதிரையில கொண்டுவந்து மேசையின்ர தலைமாட்டில விட்டாள். வீட்டிலயும் அவவுக்கு அந்த இடம்தான். மனிசி மேசையைப் பார்த்தா, கோப்பையளைப் பார்த்தா, ஆக்களை ஒவ்வொருத்தரா எண்ணுற மாதிரிப் பார்த்தா. எட்டு நாளில முதல்தரம் நிமிர்ந்து இருந்தா. மெலனி கண்ணை மூடிச் சாப்பாட்டுக்கு நன்றி சொல்லிச் செபிச்சாள். செபம் முடிஞ்சதும், யோசிக்காமலே, சின்ன வயசில இருந்து சொல்லிப் பழகின வாய் தன்ர வேத வசனத்தைச் சொல்லிச்சுது.

குளோடெற்றின்ர வீட்டில அதுதான் முறை. எந்தச் சாப்பாட்டுக்கு இருந்தாலும் ஒவ்வொருத்தரும் தங்கட முறைக்கு ஒரு வசனம் சொல்லவேணும். வசனம் சொல்லாத வாய்க்குச் சாப்பாடு இல்லை. அவவின்ர தாய் ஜமேக்காவில அப்பிடித்தான் பிள்ளையளை வளர்த்தவ, இவவும் அந்தச் சட்டத்தைக் கடல் கடந்து கொண்டுவந்திட்டா. விருந்தாளிக்கும் விலக்கில்லை. ஒருத்தருக்காக இன்னொருத்தர் சொல்லவும் ஏலாது. வேதத்திலேயே ஆகச் சின்ன வசனம் ஒண்டு இருக்கு, இயேசு கண்ணீர் விட்டார் எண்டு, இங்கிலிசில ரெண்டே ரெண்டு சொல். கத்தோலிக்கப் பெடியன் பென்ஜமின் பதினெட்டு வருசமா அதைத்தான் சொல்லிச் சமாளிச்சுக்கொண்டு வந்தான், குளோடெற்றும் ஒவ்வொரு தரமும் கரண்டியை ஓங்கிக் காட்டுவா. இப்பவும் அவன் அதையேதான் சொன்னான். அடுத்தது டொறத்தியின்ர முறை. ஆஸ்பத்திரியிலயும் உந்தக் கூத்தோ எண்ட மாதிரி அவவின்ர முகம் போச்சுது. ஆனாலும் மெலனி பார்த்த பார்வையில, நிண்ட நிலையிலேயே செபமாலைச் செபம் ஒண்டைப் பாதி முணுமுணுத்தா.

பிறகு குளோடெற்றின்ர முறை.

அவவின்ர வாய் கோணிக்கொண்டு அசைஞ்சுது. இடது பக்கத்து உதடு துடிச்சுது, நாக்கு முன்னுக்கு வந்து பல்லில முட்டிச்சுது. எட்டு நாளா நாளுக்கு மூண்டு தரம் கண்ட அதே அசைவு. பென்ஜமினின்ர கை பழக்கத்தில கரண்டியை எடுத்துப்போட்டுது. அரைவழியில கை நிண்டுது.

கடவுளே, இவ்வளவு நாளும் இந்த மனிசி வசனமெல்லோ சொல்லப் பார்த்துக்கொண்டிருந்தா. சாப்பாடு வந்ததும் தன்ர முறையைச் செய்ய எத்தனிச்சிருக்கிறா. செத்துப்போன நாக்கைப் புரட்டி ஒரு சொல்லை வெளியில கொண்டுவரப் பாடுபடேக்க, நேர்ஸும் இவனும் மாறிமாறிக் கரண்டியைத் திணிச்சிருக்கினம். சொல்லி முடிக்காமல் அவ எப்பிடி வாங்குவா? பிள்ளைக்கே விடாத மனிசி தனக்கு மட்டும் விடுவாவே? தன்னில கோவமாக்கும், சாக நினைக்கிறாவாக்கும் எண்டு தன்னைச் சுத்தியே யோசிச்சுக்கொண்டிருந்ததை நினைக்க அவனுக்குத் தன்னிலயே அருவருப்பு வந்தது. அவன் கரண்டியை மேசையில வைச்சான்.

"ஒருத்தரும் ஒண்டும் செய்யாதேங்கோ. அவ சொல்லட்டும்" எண்டான்.

அஞ்சு நிமிசம் போச்சுது. தொண்டைக்குள்ள இருந்து ஒரு முனகல் வந்து பல்லுக்குள்ள நிண்டுபோச்சு. குளோடெற் கண்ணை மூடித் திரும்பத் தொடங்கினா. பத்து நிமிசம். கஞ்சி ஆறி ஆடை பிடிச்சுது. அவவின்ர நெற்றியில வேர்த்து வழிஞ்சுது. மெலனி துடைக்கப் போனவள், கையை இழுத்துக்கொண்டாள். பன்ரெண்டேகாலுக்கு நேர்ஸ் கதவில தலையை நீட்டி, நேரம் ஆகுது, சாப்பிடுறாவோ எண்டு கேட்டாள். பென்ஜமின் திரும்பாமலே கையைக் காட்டி மறிச்சான். இன்னும் கால் மணித்தியாலம்தான். இப்ப இவவால ஏலாமல் போனால் நாளைக்குக் கையெழுத்து, பிறகு இல்லம், பிறகு இந்த மேசையே இல்லை. அவன் மேசைக்குக் கீழ விரல்களை முறிச்சுக்கொண்டிருந்தான். டொறத்தியின்ர கை கதிரை முதுகை இறுக்கிப் பிடிச்சிருந்தது.

பிறகு சத்தம் வந்தது. சொல்லெண்டு அதில ஒண்டுமில்லை. ஏறி, இறங்கி, ஒரு இடத்தில இழுத்து, திரும்ப ஏறி, கரகரத்த குரலில நீளமா ஒரு சத்தம். நடுவில ரெண்டு தரம் அறுந்து, ரெண்டு தரமும் விட்ட இடத்தில இருந்து பிடிச்சுக்கொண்டு போனா. முடிஞ்சதும் அவவுக்கு மூச்சு வாங்கினது. கண்ணைத் திறந்து ஒவ்வொரு முகமாப் பார்த்தா. அந்த மேசையில ஒரு வசனம் சரியோ பிழையோ எண்டு தீர்க்கிறது எப்பவும் அவதான். இப்ப தீர்ப்புக் கேட்டு அவ பார்த்துக்கொண்டிருக்கிறா. மெலனி வாயைப் பொத்தி அழுதுகொண்டிருந்தாள். ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்ல. குளோடெற்றின்ர முகம் மெல்ல மெல்ல விழத் தொடங்கினது.

"ஆமென்" எண்டா டொறத்தி.

கோயிலில சொல்லுற மாதிரி, அறை முழுக்கக் கேக்கச் சொன்னா. சொல்லிப்போட்டுக் கதிரையை இழுத்து மேசையில இருந்தா. தனக்கு வைச்ச கோப்பையைக் கிட்ட எடுத்து, ஆறிப்போன சோளமாக் கஞ்சியில ஒரு கரண்டி அள்ளி வாயில வைச்சு விழுங்கினா. குளோடெற் அவவை வைச்ச கண் வாங்காமல் பார்த்தா. பிறகு பென்ஜமினின்ர பக்கம் திரும்பி வாயைத் திறந்தா.

ஏழு கரண்டி சாப்பிட்டா. ரெண்டு கரண்டி அவவின்ர மடியில கொட்டுண்டுபோச்சு, அதை எண்ணேல்ல. எட்டாவதுக்குத் தலையை ஆட்டிப் போதும் எண்டா.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்குப் பென்ஜமின் டொக்ரருக்கு முன்னால இருந்தான். காலமைச் சாப்பாட்டை நோயாளி திரும்பவும் மறுத்திட்டா எண்டு அவரின்ர கையில இருந்த தாளில எழுதியிருந்தது. எவ்வளவு நேரம் பொறுத்துப் பார்த்தவை எண்டு பென்ஜமின் கேட்டான். ஒரு ஆளுக்கு எட்டு நிமிசம், அதுக்கு மேல நேர்ஸ்மாருக்கு நேரமில்லை எண்டார் டொக்ரர். அவர் பொய் சொல்லேல்ல. விடுதியில முப்பத்திரண்டு கட்டில்.

"அப்ப மூண்டு நேரமும் நான் வாறன். வேலையிடத்தில இரவு ஷிப்ட் கேட்டிருக்கிறன்" எண்டான் பென்ஜமின். "அவ சாப்பிடமாட்டன் எண்டு ஒருநாளும் சொல்லேல்ல டொக்ரர். நாங்கள்தான் அவவைச் சொல்லி முடிக்க விடேல்ல."

டொக்ரர் கலண்டரைப் பார்த்தார். ஒரு கிழமை தாறன், நிறை குறைஞ்சால் அதுக்குப் பிறகு கதைக்க ஒண்டுமில்லை எண்டு சொல்லிக் கடுதாசியைத் திருப்பி வாங்கிக்கொண்டார். பென்ஜமின் விடுதிக்கு வந்து, திருப்பி அனுப்பின தட்டைக் கேட்டு வாங்கி, கட்டிலுக்குப் பக்கத்தில கதிரையைப் போட்டான். தன்ர ரெண்டு சொல் வசனத்தைச் சொன்னான். குளோடெற்றின்ர வாய் அசையத் தொடங்கினது. அவன் ரெண்டு கையையும் மடியில வைச்சுக்கொண்டு பொறுத்திருந்தான்.